மறு: ‘ஹெடர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் – ‘குழற்கொத்து’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பழைய அமெரிக்க வி8 (பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்) கார்களைப் பற்றித் தமிழில் எழுதிவரும் நண்பர், 1969ஆம் ஆண்டுச் செவர்லே கமாரோவின் 350 கன அங்குல எஞ்சினுக்கு ஹெடர் தேர்ந்தெடுக்கும் பகுதியில் சொல் கிடைக்காமல் நின்றிருக்கிறார். சிலிண்டர்களிலிருந்து வெளியேறும் எரிந்த வாயுவைத் தனித்தனிக் குழாய்களில் கொண்டுபோய் ஓரிடத்தில் சேர்க்கும் பாகம்தான் ஹெடர். இதுவரை வந்த மடல்களில் நான்கு பரிந்துரைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிட்டு, ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன்.

> ஆங்கிலச் சொல்லில் ‘தலை’ இருக்கிறது. சிலிண்டர் தலையில்தான் இதைப் பொருத்துகிறார்கள். எனவே ‘தலைப்பி’ எனலாம்.

சிலிண்டர் தலையில் பொருந்துபவை பல. உள்ளிழுக்கும் பக்கத்துப் பன்வாய்க்குழாயும் (மேனிஃபோல்டு) தலையில்தான் பொருந்துகிறது. தீப்பொறிச் செருகியும் (ஸ்பார்க் பிளக்) தலையில்தான் இருக்கிறது. பொருந்தும் இடத்தை வைத்துப் பெயரிட்டால் பொருளின் வேலை தெரியாது. கொதிகலன் துறையில் ஹெடர் என்றால் பல குழாய்கள் வந்து சேரும் பொதுக்குழாய். கார் எஞ்சினில் அந்தச் சொல் சேருமிடத்தையும் அதற்கு முன்னால் பிரிந்து ஓடும் குழாய்களையும் சேர்த்தே குறிக்கிறது. இரண்டு துறைக்கும் ‘தலைப்பி’ போய்ச் சேர்ந்தால் மாணவர்கள் குழம்புவார்கள்.

> வார்ப்பிரும்பில் இருப்பது பன்வாய்க்குழாய். எஃகுக் குழாயில் செய்தால் ‘எஃகுப் பன்வாய்’. வேறுபாடு அவ்வளவுதானே?

இதுதான் கவனமாக விடை சொல்ல வேண்டிய பரிந்துரை. பெரும்பாலான கார்களில் வேறுபாடு அப்படித்தான் தெரியும்: தொழிற்சாலை தருவது கனத்த வார்ப்பிரும்பு, பின்னால் வாங்கிப் பொருத்துவது வளைத்து ஒட்டிய எஃகுக் குழாய். ஆனால் 1962இல் கிரைஸ்லர் நிறுவனம் டாட்ஜ், பிளிமத் கார்களுக்குத் தந்த 413 கன அங்குல ‘மேக்ஸ் வெட்ஜ்’ எஞ்சினைப் பாருங்கள். அதன் வெளியேற்றுப் பகுதி முழுக்க வார்ப்பிரும்பு. ஆனாலும் சிலிண்டர்களிலிருந்து வரும் வழிகள் தனித்தனியாக மேல்நோக்கி வளைந்தெழுந்து, அதன்பிறகே கீழிறங்கிச் சேருகின்றன. அது வார்ப்பு, ஆனால் செய்வது ஹெடரின் வேலை. ஆகவே உலோகம் எது என்பது பெயருக்குள் வரக்கூடாது.

> வாயுவை இழுத்து வெளியேற்றுவதால் ‘உறிஞ்சுகுழல்’ பொருந்தும். ஆஸ்திரேலியாவிலும் இதை ‘எக்ஸ்ட்ராக்டர்’ என்றுதான் சொல்கிறார்கள்.

ஆஸ்திரேலியத் தகவல் சரி. ஜெர்மானியர்கள் ‘விசிறி வளைகுழாய்’ என்று பொருள்படும் சொல்லையும், ஜப்பானியர்கள் ‘எண்காலிக் கால்கள்’ என்று பொருள்படும் ‘தகோ-ஆஷி’யையும் வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டும் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். ஆஸ்திரேலியப் பெயர் மட்டும் செயலைப் பார்த்து வைத்தது. செயலைச் சொல்லும் பெயரில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. உறிஞ்சும் விளைவு எல்லா வேகத்திலும் கிடைப்பதில்லை. குழாயின் நீளமும் விட்டமும் எஞ்சினோடு பொருந்தாவிட்டால் கிடைக்காமலே போகலாம். தவறாகத் தேர்ந்தெடுத்த ஒன்றையும் ‘உறிஞ்சுகுழல்’ என்று அழைத்தால், வாங்குபவருக்கு அந்தப் பெயரே பொய்யான உறுதிமொழி தந்துவிடும். விளம்பரக்காரருக்கு அது வசதி, கட்டுரையாளருக்கு வசதியில்லை.

> ‘ஹெடர்’ என்றே விட்டுவிடலாமே?

பஸ்ஸையும் டயரையும் அப்படியே ஏற்றுக்கொண்டவர்கள் நாம். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் இங்கே ஒரு சொல்லோடு நிற்கவில்லை. நெடியது, குட்டையானது, நான்கு நேராக ஒன்றாவது, நான்கு இரண்டாகி ஒன்றாவது, சேருமிடம், தனி ஓட்டம் என்று ஒரு குடும்பமே பின்னால் வருகிறது. தாய்ச்சொல் தமிழில் இருந்தால்தான் மற்றவை இயல்பாகக் கிளைக்கும். பட்டறைகளில் மோட்டார் சைக்கிளுக்குச் சொல்லும் ‘பெண்டு பைப்’ நல்ல சொல், உயிருள்ள சொல். ஆனால் அது ஒற்றைச் சிலிண்டரின் ஒற்றைக் குழாய். சேருமிடம் என்பதே அங்கே கிடையாது.

இனி என் பரிந்துரை: குழற்கொத்து. முழுப்பெயர் வேண்டுமானால் வெளியேற்றுக் குழற்கொத்து. சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவியும் தனித்தனியாக இருக்கும், ஓரிடத்தில் மட்டும் கோக்கப்பட்டிருக்கும். இதுவும் அவ்வாறே. நான்கு குழல்கள் நான்கு சிலிண்டர்களிலிருந்து தனித்தே புறப்பட்டு, ஒரு தொலைவு தனித்தே ஓடி, கடைசியில் ஓரிடத்தில் சேருகின்றன. சாதாரண வார்ப்புப் பன்வாய்க்குழாயில் நான்கு துளைகளும் வெளியே வந்த உடனேயே ஒரே அறைக்குள் திறக்கின்றன. இந்த இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு சேருவதற்கு முன்னால் இருக்கும் தனி ஓட்டம்தான். கலைச்சொல் அதைக் காட்ட வேண்டும் என்பதே என் வாதம்.

தனி ஓட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்த 350 எஞ்சினே சான்று. 1955இல் 265 கன அங்குலத்தோடு தொடங்கிய செவர்லே சிறு வி8 குடும்பம் அது. சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. இடப்பக்க வரிசையில் 1, 3, 5, 7. வலப்பக்கத்தில் 2, 4, 6, 8. வணரித்தண்டு (கிராங்க் ஷாஃப்ட்) இரண்டு சுற்றுச் சுற்ற, அதாவது 720 பாகைக்குள், எட்டும் எரிகின்றன. ஆக 90 பாகைக்கு ஒன்று. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இடைவெளி சீராக இல்லை. இடப்பக்கத்தில் 1க்கும் 3க்கும் இடையே 270 பாகை, 3க்கும் 5க்கும் 180, 5க்கும் 7க்கும் வெறும் 90, பிறகு 1 வரை 180. வலப்பக்கத்தில் 8உம் 4உம் அதேபோல் அடுத்தடுத்து எரிகின்றன. அமெரிக்க வி8இன் அந்தக் கரகரத்த உறுமல் பெரும்பாலும் இந்தச் சீரின்மையிலிருந்து பிறக்கிறது.

வெளியேற்று வால்வு 200 பாகைக்கும் மேல் திறந்திருக்கும். 5ஆம் சிலிண்டர் இன்னும் வாயுவைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே 7இன் வால்வு திறந்து, அதன் உயரழுத்த வாயு வெளியே பாய்கிறது. இரண்டும் ஒரே அறையில் சந்தித்தால் 7இன் அழுத்தம் 5இன் வாயிலை முட்டுகிறது. தனித்தனிக் குழல் இருந்தால் அந்த முட்டல் தள்ளிப்போகிறது.

இன்னொரு பயனும் உண்டு. வால்வு திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை, சூடான வாயுவில் நொடிக்கு 500 மீட்டருக்கும் மேலான வேகத்தில் குழல் வழியே போகிறது. குழல் முடிந்து அகலமான இடம் வந்ததும் அது தாழழுத்த அலையாகத் திரும்புகிறது. வெளியேற்று வால்வு மூடுவதற்குள், உள்ளிழு வால்வும் சற்றே திறந்திருக்கும் அந்தக் குறுகிய நேரத்தில் அந்தத் தாழழுத்தம் வந்து சேர்ந்தால், எஞ்சிய வாயுவை வெளியே இழுத்து, புதிய கலவையையும் உள்ளே வரவழைக்கிறது. எந்தச் சுழல்வேகத்தில் அது சரியாக வந்து சேரும் என்பதைக் குழலின் நீளம் தீர்மானிக்கிறது. நீண்ட குழல் குறைந்த வேகத்திலும், குட்டையான குழல் கூடிய வேகத்திலும் உதவும். விட்டம் தேவைக்கு மேல் பெருத்தால் வாயுவின் ஓட்டம் மெதுவாகி, சாலையில் நாம் அதிகம் பயன்படுத்தும் தாழ்வேக இழுவிசை குறைந்துவிடும். பெரிய குழல் என்றால் பெரிய திறன் என்று நினைத்து வாங்குவதுதான் பலரும் செய்வது. நண்பரின் கட்டுரை இந்த எண்ணத்தை அழுத்தமாக மறுக்க வேண்டும்.

சொற்குடும்பத்தை இப்படி வைக்கிறேன். ஒவ்வொரு சிலிண்டரின் குழலும் தனிக்குழல். அவை சேருமிடம் கூடுவாய். பவானிக்காரர்களுக்குக் கூடுதுறை தெரியும் என்பதால் ‘கூடு’ என்ற வேர் எளிதில் விளங்கும். நான்கும் நேரே ஒன்றானால் ஒருநிலைக் கூடல். முதலில் இரண்டிரண்டாகவும் பிறகு ஒன்றாகவும் சேர்ந்தால் இருநிலைக் கூடல். ஆங்கிலத்தில் ‘ட்ரை-ஒய்’ எனப்படுவது. 1965ஆம் ஆண்டு ஷெல்பி ஜி.டி.350 காரில் இருந்தது இந்த வகைதான். 289 கன அங்குல எஞ்சினிலிருந்து 306 குதிரைத்திறன் என்று அறிவித்தார்கள். இருநிலைக் கூடலில் எந்த இரண்டை முதலில் இணைப்பது என்பதில் நுட்பம் இருக்கிறது. செவர்லேயின் இடப்பக்கத்தில் 1ஐ 5உடனும், 3ஐ 7உடனும் இணைத்தால், அடுத்தடுத்து எரியும் 5உம் 7உம் வேறு வேறு இணைகளுக்குப் போய்விடும். ஒவ்வொரு இணைக்குள்ளும் குறைந்தது 270 பாகை இடைவெளி கிடைக்கும்.

போர்டு ஜி.டி.40 பந்தயக் காரில் ஒவ்வொரு பக்கத்துக் குழல்களிலும் இரண்டை மறுபக்கத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு கூடுவாய்க்கும் 180 பாகைக்கு ஒரு துடிப்பு சீராக வரும்படி செய்தார்கள். பாம்புகளைப் பின்னிப்போட்டதுபோல் இருந்ததால் அங்கே அதற்கு ‘பாம்பு மூட்டை’ என்றே பெயர். நமக்குக் குறுக்குக் குழற்கொத்து போதும். அந்தக் காரில் எஞ்சின் பின்பக்கம் இருந்ததால் இடம் கிடைத்தது. எஞ்சின் முன்னால் இருக்கும் கமாரோவில் அதை அடக்குவது பெரும்பாடு.

நீளத்துக்கு நெடுங்குழற்கொத்து, குறுங்குழற்கொத்து. இந்தச் சொற்கள் தாங்குமா என்று பார்க்க, நண்பரின் கட்டுரைக்கு ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்:

“சாலையில் ஓட்டும் 350 எஞ்சினுக்கு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத நிலையில், 1 5/8 அங்குல, அதாவது சுமார் 41 மில்லிமீட்டர் தனிக்குழல்களும் 3 அங்குலக் கூடுவாயும் கொண்ட நெடுங்குழற்கொத்து பொருத்தமானது. 454 போன்ற பெரிய எஞ்சினுக்கு 1 7/8 அல்லது 2 அங்குலத் தனிக்குழல் தேவைப்படலாம். நெடுங்குழற்கொத்து தாழத் தொங்கும். வேகத்தடையில் முதலில் அடிபடுவது கூடுவாய்தான். குறுங்குழற்கொத்து எளிதில் அடங்கும், ஆனால் அலையின் பயன் குறைவு. வாங்குவதற்கு முன் திசைமாற்றித் தண்டு, கிளட்ச் இணைப்பு, ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றுக்கு இடம் விடுகிறதா, தீப்பொறிச் செருகிகளைக் கழற்றக் கை நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். இணைப்புத் தகடு 3/8 அங்குலத் தடிமன் இருந்தால் வெப்பத்தில் வளைந்து வாயு கசிவது குறையும். மெல்லிய எஃகில் வெறும் வண்ணம் பூசியது விரைவில் கருகித் துருப்பிடிக்கும்; பீங்கான் பூச்சு விலை கூடியது, ஆனால் நிலைக்கும். குழலைச் சுற்றி வெப்பத்துணி கட்டினால் எஞ்சின் அறைச் சூடு குறையும். ஈரம் துணிக்குள் தங்கினால் எஃகு அரிக்கும்.”

எனக்கு இந்தப் பத்தி தடையில்லாமல் ஓடுகிறது. அமைதியும் நீடித்த உழைப்பும் போதும் என்பவருக்கு, கார்வெட்டில் வந்த ‘ஆட்டுக்கொம்பு’ வகை வார்ப்புப் பன்வாய்க்குழாயே நல்ல தேர்வு என்ற வரியையும் நண்பர் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் குழற்கொத்து தேவைப்படாது.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும்: ‘குழல் என்றால் புல்லாங்குழலும் கூந்தலும் அல்லவா?’ குழல்விளக்கையும் துப்பாக்கிக் குழலையும் யாரும் கூந்தல் என்று படிப்பதில்லை. ‘குழாய்க்கொத்து’ என்றாலும் பிழையில்லை. ஆனால் ‘நெடுங்குழாய்க்கொத்து’ நாவில் இடறுகிறது. தனித்து நிற்கும்போதும் ‘குழாய்’ வீட்டுத் தண்ணீரையே நினைவூட்டுகிறது.

இன்னும் தீராதது ஒன்று. திரும்பும் தாழழுத்த அலை எஞ்சிய வாயுவை இழுத்தெடுக்கும் அந்த நிகழ்வுக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்கேவெஞ்சிங்’ என்கிறார்கள். ‘துப்புரவாக்கம்’ என்ற சொல்லைச் சிலர் எழுதுகிறார்கள். அதில் இழுப்பு இல்லை. ‘ஈர்த்தகற்றல்’ என்று வைத்திருக்கிறேன். இருவீச்சு (டூ ஸ்ட்ரோக்) எஞ்சினில் புதுக்கலவை பழைய வாயுவைத் தள்ளி வெளியேற்றுவதற்கும் அதே ஆங்கிலச் சொல்தான் வழங்குகிறது. அங்கே ஈர்ப்பைவிடத் தள்ளல்தான் முதன்மை என்பதால் ஒரே தமிழ்ச்சொல் இரண்டுக்கும் பொருந்தாது என்று எண்ணுகிறேன். இயந்திரவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் குழுவில் இருக்கிறார்கள். வகுப்பில் இதை எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். ‘கூடுவாய்’க்கு மறுப்பு இருந்தால் அதையும் இந்த இழையிலேயே சொல்லிவிடுங்கள். நண்பர் கட்டுரையை அனுப்பும் முன் திருத்திக்கொள்வார்.

அன்புடன்.