ஏர் சஸ்பென்ஷனைக் கழற்றிய எல்டோராடோ புரோஹாம்

திருகாணி:

நேற்று நம் மன்றத்தில் ஒரு 1957 கேடிலாக் எல்டோராடோ புரோஹாம் என்ற அமெரிக்கச் சொகுசுக் காரின் படங்கள் பகிரப்பட்டன. காரைப் புதுப்பித்தவர்கள் அதன் ஏர் சஸ்பென்ஷனை, அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றால் காரைத் தாங்கும் அமைப்பை, முழுவதுமாகக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங்குகளைப் பொருத்தியிருந்தார்கள். அதை ஒருவரும் குறையாகக் கருதவில்லை. அப்பழுக்கற்ற கார் என்றே பலரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் எனக்கு உடன்பாடில்லை.

1957இல் இந்தக் காரின் விலை 13,074 டாலர். அதே ஆண்டில் கேடிலாக்கின் வழக்கமான செடான் 5,000 டாலருக்குள் கிடைத்தது. இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கொடுத்து வாங்கியவருக்கு, மங்கலாக மின்னும் துருப்பிடிக்காத எஃகுக் கூரையும், நடுத்தூணே இல்லாமல் எதிரெதிர்ப் பக்கங்களில் திறக்கும் முன், பின் கதவுகளும், எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தைக் கண்டு தானாகவே தாழ்ந்துகொள்ளும் முகப்பு விளக்குகளும், ஓட்டுபவருக்குப் பிடித்த நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் மின் இருக்கையும், கையால் தொடாமலே திறந்து மூடும் டிக்கியும் கிடைத்தன. டேஷ்போர்டுப் பெட்டிக்குள் காந்தத்தால் ஒட்டி நிற்கும் டம்ளர்கள் இருந்தன. லான்வின் நிறுவனத்தின் ஆர்பேஜ் வாசனைத் திரவியத்துக்கு ஒரு தெளிப்பானும் இருந்தது.

ஆனால், இவை அத்தனைக்கும் அடியில் காரைத் தாங்கி நின்றது காற்றுதான். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனிக் காற்றறைகள், அவற்றுக்கு அழுத்தம் கொடுக்க ஒரு கம்ப்ரெசர், ஏறிய பாரத்துக்கேற்பக் காற்றைக் கூட்டியும் குறைத்தும் காரை ஒரே மட்டத்தில் நிறுத்தும் வால்வுகள் என்ற அந்த ஏற்பாட்டை ஓர் அமெரிக்கப் பயணிகள் காரில் விற்பனைக்குக் கொண்டுவந்த துணிச்சல்தான் புரோஹாமின் பெருமை. அதைக் கழற்றிய பின் மிஞ்சுவது நன்றாக அலங்கரிக்கப்பட்ட ஒரு கேடிலாக் மட்டுமே. அதை அழகான கார் என்று சொல்லுங்கள், மறுக்கமாட்டேன். முழுமையான புரோஹாம் என்று சொல்லாதீர்கள்.

நெடுஞ்சாலை:

நண்பர் திருகாணியின் பட்டியல் சுவையானது. ஆனால், அவர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அந்த ஏர் சஸ்பென்ஷன் புதிதாக இருந்தபோதே சரியாக வேலை செய்யவில்லை. இரவில் நிறுத்திய கார் காலையில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. 13,000 டாலர் கொடுத்தவர்கள் பொறுமை இழந்தார்கள். பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் அரிதாக இருந்ததால், கார் பழையதாவதற்கு முன்பே பல புரோஹாம்களில் சுருள் ஸ்பிரிங்குகள் ஏறிவிட்டன. 1958இல் மற்ற கேடிலாக்குகளுக்கும் கூடுதல் விலைக்கு இதே சஸ்பென்ஷனைக் கேடிலாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்துப் பார்த்தது. சில ஆண்டுகளிலேயே கைவிட்டது.

ஆகவே, இன்றைய புதுப்பிப்பாளர் ஏதோ வரலாற்றைச் சிதைத்துவிட்டதாகப் பேசுவது நியாயமாகாது. ஸ்பிரிங் மாற்றம் அந்தக் காரின் வரலாற்றிலேயே ஒரு பகுதி. கார் என்பது ஓடுவதற்காகச் செய்யப்பட்ட பொருள். சாலைக்கு வரமுடியாமல், கொட்டகையில் வயிறு தரையைத் தொடக் கிடக்கும் புரோஹாமை நாம் எதற்காகக் கொண்டாட வேண்டும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டம்ளரும் வாசனைத் தெளிப்பானும் பொறியியல் அல்ல. எதிரே ஃபோர்டு நிறுவனத்தின் கான்டினென்டல் மார்க் 2 ஏறத்தாழ 10,000 டாலருக்கு நின்றுகொண்டிருந்தது. அதைவிட உயரத்தில் ஒரு காரை நிறுத்த வேண்டும் என்ற போட்டியில் பிறந்த அலங்காரங்கள் அவை. இத்தனைக்குப் பிறகும், ஒவ்வொரு புரோஹாமிலும் ஜெனரல் மோட்டார்ஸ் பெரும் நட்டம் அடைந்தது என்றுதான் கார் வரலாற்றாளர்கள் எழுதுகிறார்கள்.

கிரீஸ் டப்பா:

இருவரும் கேடிலாக்கிலேயே நின்றுவிட்டதால் பக்கத்து நிறுவனத்தை நினைவூட்டுகிறேன். 1940ஆம் ஆண்டு மாடலில், தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட ஏர் கண்டிஷனரை முதலில் விற்பனைக்குக் கொடுத்தது பேக்கார்டு. கூடுதல் விலை 274 டாலர். குளிர்விக்கும் பகுதி பின் இருக்கைக்குப் பின்னால் இருந்து டிக்கியில் பாதி இடத்தை விழுங்கியது. வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் அமைப்பு கிடையாது. கம்ப்ரெசருக்குக் கிளட்ச் இல்லாததால், குளிர்காலத்தில் அது சுழலாமல் இருக்கவேண்டுமானால் பானெட்டைத் திறந்து பெல்ட்டையே கழற்ற வேண்டும். 1941 மாடலோடு அதை நிறுத்திவிட்டார்கள்.

இன்று ஏர் கண்டிஷனர் இல்லாத காரை வாங்க யோசிக்கிறோம். புரோஹாமின் நினைவு இருக்கை இப்போது நடுத்தர விலைக் கார்களிலும் வருகிறது. தானே தாழும் விளக்கும் அப்படித்தான். என்னைக் கேட்டால், விசித்திர வசதிகளை மதிப்பிட ஒரே வழி பின்னால் வந்த கார்களைப் பார்ப்பதுதான். வழி திறந்தவை மதிக்கத்தக்கவை. மற்றவை வேடிக்கைப் பொருள்கள். அந்தக் கணக்கில் ஏர் சஸ்பென்ஷனும் தேறிவிடும். நன்றாக வேலை செய்யும் நிலையில் அது பின்னாளில் பல சொகுசுக் கார்களுக்கு வந்துவிட்டது.

திருகாணி:

கிரீஸ் டப்பா அவர்கள் என் பக்கம் பேசுகிறார் என்றாலும், அவருடைய அளவுகோலை என்னால் ஏற்க முடியவில்லை. பின்னால் வாரிசு பிறந்ததா என்று பார்த்துத்தான் ஒன்றை மதிக்க வேண்டுமென்றால், அமெரிக்கச் சொகுசுக் கார்களில் மிகவும் ரசிக்கத்தக்க பாதியை நாம் குப்பையில் போட வேண்டியிருக்கும்.

1956இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் கார்களில் 'ஹைவே ஹை-ஃபை' என்ற இசைத்தட்டுக் கருவியை டேஷ்போர்டுக்குக் கீழே பொருத்திக் கொடுத்தது. ஓடும் காரில் ஊசி தட்டிலிருந்து குதிக்காமல் இருப்பதுதான் சிக்கல். சி.பி.எஸ். ஒலிபரப்பு நிறுவனத்தின் ஆய்வகத்தைச் சேர்ந்த பீட்டர் கோல்ட்மார்க் அதற்காக நிமிடத்துக்கு 16⅔ சுற்று மட்டுமே சுழலும், ஏழு அங்குலத் தட்டுகளை உருவாக்கினார். தட்டின் வரிகள் மிக நெருக்கமானவை. ஊசியைத் தாங்கும் கைக்குத் தட்டின்மேல் அழுத்தம் வழக்கத்தைவிடக் கூடுதல். வீட்டிலுள்ள தட்டுகளைக் காரில் போடமுடியாது. காரின் தட்டுகளை வீட்டில் போடமுடியாது. கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட சில தட்டுகளோடு ஓட்டுநர் திருப்தி அடையவேண்டும். வணிகமாகப் பார்த்தால் தோல்விதான். ஆனால், குண்டும் குழியுமான சாலையில் இசைத்தட்டைச் சுழலவிட முடியும் என்று நம்பி, அந்த ஒரே நோக்கத்துக்காகப் புதிய தட்டையே வகுத்த மனத்தை நான் ரசிக்கிறேன். அதற்கு வாரிசு தேவையில்லை.

கிரைஸ்லரின் சொகுசு வகையான இம்பீரியலில், 1967, 1968 இரு கதவுக் கூப்பேயின் 'மொபைல் டைரக்டர்' ஏற்பாட்டையும் பாருங்கள். முன்பயணியின் இருக்கை முழுவதுமாகப் பின்பக்கம் திரும்பும். நடுவில் ஒரு சிறு மேசையும் படிப்பதற்கு ஒரு விளக்கும் வரும். காரையே அலுவலக அறையாக்கலாம் என்ற எண்ணம். வாங்கியவர்கள் மிகச் சிலரே. அந்த இம்பீரியல் ஒன்றில் மேசையையும் விளக்கையும் எடுத்துவிட்டு, இருக்கை திரும்பாதபடி இறுக்கிவிட்டால், நெடுஞ்சாலை அவர்கள் அதையும் ஓடும் கார் என்று பாராட்டுவாரா?

நெடுஞ்சாலை:

மேசையை எடுத்தால் கார் ஓடுவதில் மாற்றம் இல்லை. ஆகவே எடுக்கவேண்டிய அவசியமும் இல்லை. சஸ்பென்ஷன் அப்படிப்பட்டதல்ல. தங்களுடைய உதாரணம் என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது: காரின் ஓட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் குறுக்கே நிற்காத எந்த விசித்திரத்தையும் அப்படியே வைத்திருக்கலாம், வைத்திருக்கவும் வேண்டும். குறுக்கே நிற்பதை மாற்றலாம்.

மேலும், விசித்திரம் எப்போதும் பழுதோடு சேர்ந்தே வரவேண்டும் என்பதில்லை. 1955 பேக்கார்டின் 'டோர்ஷன்-லெவல்' சஸ்பென்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். சுருள் ஸ்பிரிங்கும் இல்லை, காற்றும் இல்லை. இருபுறமும் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் இணைத்தபடி நீண்ட முறுக்குக் கம்பிகள் ஓடுகின்றன. முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது அந்த விசை பின்சக்கரத்துக்குப் போவதால் காரின் உடல் அதிகம் ஆடுவதில்லை. பின்னால் ஆள் ஏறினால் ஒரு மின்மோட்டார் காரை மட்டப்படுத்தும். சாலையின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது பதறி ஓடக்கூடாது என்பதற்காக ஏழு விநாடி பொறுத்த பிறகே வேலையைத் தொடங்கும். அந்த ஏழு விநாடியில் இருக்கிறது ஐயா, பொறியியல். வில்லியம் அல்லிசனின் யோசனை அது. பேக்கார்டு நிறுவனமே 1956இல் டெட்ராய்ட் உற்பத்தியை நிறுத்திவிட்டதால் அதற்கு நீண்ட ஆயுள் வாய்க்கவில்லை. சாலைகளில் விரிசல் விழுந்த ஊரில் ஓட்டவேண்டிய கார் எது என்று கேட்டால், புரோஹாமை விட்டுவிட்டு அந்தப் பேக்கார்டைத்தான் நான் எடுப்பேன்.

பழைய பட்டறை:

பட்டறைக்காரன் என்ற முறையில் ஒரு சொல். புரோஹாமின் காற்றறைகளில் இருப்பது ரப்பர் உதரவிதானம், அதாவது காற்றை அடைத்து வைக்கும் சவ்வு. ரப்பர் இறுகினால் காற்று கசியும். காற்றோடு ஈரமும் குழாய்களுக்குள் போகும். ஈரம் வால்வுகளைக் கெடுக்கும். ஒரு வால்வு சிக்கிக்கொண்டால் காரின் ஒரு மூலை மட்டும் இறங்கிவிடும். தத்துவத்தில் பிழை எதுவும் இல்லை. இதே ஜெனரல் மோட்டார்ஸ் 1954இல் கிரேஹவுண்டு பேருந்து நிறுவனத்துக்குச் செய்துகொடுத்த சீனிக்ரூசர் பேருந்துகளில் ஏர் சஸ்பென்ஷன் பல ஆண்டுகள் உழைத்தது. பேருந்தில் பெரிய கம்ப்ரெசர் உண்டு, நாள்தோறும் ஓட்டம் உண்டு, பராமரிக்க ஆட்களும் உண்டு. வாரம் ஒருமுறை விருந்துக்குப் போய்வரும் கார் அந்தக் கவனிப்பைப் பெறாது. இன்றைய ரப்பர் அன்றையதைவிட மேலானது. மனம் இருந்தால் அதை ஓடவைக்கலாம், ஆனால் கூலி மலிவாக இருக்காது.

ஸ்பிரிங் போட்டவர் பழைய பாகங்களை எறிந்துவிட்டாரா, எடுத்து வைத்திருக்கிறாரா? எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அந்தக் கேள்விதான்.

கிரீஸ் டப்பா:

எடுத்து வைத்திருப்பதாகப் படங்களின் குறிப்பில் இருந்தது. ஆகவே, இந்த மாற்றத்தைத் திரும்பப் பெற முடியும். கூரையில் வெட்டியிருந்தால் முடியாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது சரியில்லை.

திருகாணி:

பெட்டிக்குள் கிடக்கும் சஸ்பென்ஷனைப் பார்த்து யாரும் எதையும் ரசிக்க முடியாது என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன்.

அபூர்வம் என்பதற்காகவே இந்தக் கார்களை மதிக்கிறோம் என்று சிலர் நினைக்கக்கூடும். 1957இல் 400, 1958இல் 304, ஆக 704 புரோஹாம்கள் டெட்ராய்ட்டில் கட்டப்பட்டன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் உடல் கட்டும் வேலை இத்தாலியின் பினின்ஃபரினா நிறுவனத்துக்குப் போனது. 1959இல் 99, 1960இல் 101 என்று மொத்தமே 200 கார்கள்தான் வந்தன. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் பின்னதுதான் மிகவும் அபூர்வமானது. கோடுகள் அடக்கமானவை, விலையும் ஏறத்தாழ அதேதான். ஆனாலும், எல்டோராடோ புரோஹாம் என்றதும் எல்லோரும் பேசுவது 1957, 1958 கார்களைப் பற்றித்தான். எஃகுக் கூரையும் எதிரெதிர்க் கதவுகளும் டம்ளர்களும் பின்னதில் இல்லை. நாம் நேசிப்பது அந்த விசித்திரங்களை என்பதற்கு இதைவிடச் சான்று என்ன வேண்டும்? நேசிப்பதையே கழற்றிவிட்டு மதிப்பெண் முழுவதும் கொடுப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நெடுஞ்சாலை:

தாங்கள் சொன்ன மூன்றும் கண்ணுக்குத் தெரிபவை. மூன்றும் நேற்றைய காரில் அப்படியே இருக்கின்றன. காற்றறையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. இன்னும் ஒன்று: பினின்ஃபரினா காரிலும் ஏர் சஸ்பென்ஷன் இருந்தது. அது இருந்தும் அந்தக் கார் மறக்கப்பட்டதென்றால், புரோஹாமின் உயிர் அந்தச் சஸ்பென்ஷனில் இல்லை என்றுதானே பொருள்?

திருகாணி:

கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்றால் எஞ்சினையும் மாற்றிவிடலாமே! 365 கன அங்குல வி8 எஞ்சினில், 1957இல் இரட்டைக் கார்புரேட்டர்களும் 1958இல் மூன்று கார்புரேட்டர்களும் வைத்தார்கள். அவற்றைச் சீராக இசைத்து ஓட்டுவதும் தலைவலிதான். பானெட்டை மூடிவிட்டால் அதுவும் தெரியாது. கண்காட்சியில் நடுவராக இருந்தால், நேற்றைய காருக்கு ஓட்டத்துக்கான மதிப்பெண்ணை முழுமையாகக் கொடுப்பேன். அசல் தன்மைக்கான மதிப்பெண்ணில் கணிசமாகக் குறைப்பேன்.

நெடுஞ்சாலை:

நான் குறைக்கமாட்டேன். பாகங்கள் எடுத்து வைக்கப்பட்டிருப்பதால், காரின் முன்னால் வைக்கும் விவரப் பலகையில் மாற்றத்தை எழுதச் சொல்வேன், அவ்வளவே.

பழைய பட்டறை:

பலகையில் எழுதும்போது, கழற்றிய காற்றறைகளின் ரப்பர் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அடுத்து வாங்குபவருக்கு உங்கள் மதிப்பெண்களைவிட அது உதவும்.