பாளையங்கோட்டை மாடியிலிருந்து ஒமேகா சென்டாரி: ஃபில்டர் வாங்கவா, ஊரை விட்டு வெளியே போகவா?

மாடிவீடு_பாளை:

எல்லோருக்கும் வணக்கம். கையில் இருப்பது 6 இன்ச் டாப்சோனியன் டெலஸ்கோப், குவியத் தூரம் 1200 மி.மீ. கூடவே வந்த ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) 25, 10 மி.மீ. இரண்டுதான். இடம் பாளையங்கோட்டை, இரண்டு மாடி வீட்டின் மொட்டை மாடி. தெற்குச் சுவரிலிருந்து முப்பது அடி தள்ளி வெள்ளை எல்.இ.டி. தெருவிளக்கு, ஏறத்தாழ கண் மட்டத்தில். நிலா, வியாழன், சனி எல்லாம் அருமையாகத் தெரிகின்றன. ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்தை மட்டும் பிடிக்க முடியவில்லை. தெற்கே வானம் சாம்பல் பூசியதுபோல் இருக்கிறது. நகர வெளிச்சத்தை வெட்டும் ஃபில்டர் வாங்கினால் தெரியுமா? விளக்குக்கு என்ன செய்வது? வெளியே போவதென்றால் எந்தப் பக்கம்?

சித்திரைக்குக்_கீழே:

ஃபில்டருக்குக் காசு போடாதீர்கள். அந்த வகை ஃபில்டர்கள் பழைய சோடியம், பாதரச ஆவி விளக்குகளுக்காகச் செய்யப்பட்டவை. சோடியம் விளக்கின் வெளிச்சத்தில் பெரும்பகுதி 589 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சளில் குவிந்திருக்கும், அதை மட்டும் வெட்டினால் போதும். வெள்ளை எல்.இ.டி. நீலத்திலிருந்து சிவப்பு வரை எல்லா நிறத்திலும் பரவியிருக்கிறது. அதை வெட்டப்போனால் விண்மீன் ஒளியும் சேர்ந்து போகும். ஒமேகா சென்டாரி முழுக்க விண்மீன்கள்தான். ஃபில்டர் போட்டால் மங்கும், வேறொன்றும் நடக்காது.

பலன் தரும் வழி உருப்பெருக்கம். உங்கள் 25 மி.மீ. ஐபீஸ் 48 மடங்கு, கண்ணில் விழும் ஒளிவட்டம் சுமார் 3 மி.மீ. அகலம். 15 மி.மீ. ஐபீஸ் ஒன்று வாங்கினால் 80 மடங்கு, வட்டம் 1.9 மி.மீ. வட்டம் சுருங்கச் சுருங்க வானப் பின்னணி இருளும். 48-க்கும் 80-க்கும் இடையில் பின்னணி கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகிவிடும். விண்மீன்கள் புள்ளிகள் என்பதால் அந்த அளவுக்கு மங்காது. 48-இல் மங்கலான உருண்டைப் புகை, 80-இல் ரவை கொட்டியதுபோல் குருணை குருணையாகப் பிரியத் தொடங்கும். இந்தக் கொத்தில் மிகப் பிரகாசமானவையே பொலிவு எண் பதினொன்றரையை ஒட்டியவை (எண் கூடினால் மங்கல்), அதனால் 6 இன்ச்சில் ஊருக்குள்ளிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கண்டுபிடிப்பது நம் ஊரில் சுலபம், ஏனோ யாரும் சொல்வதில்லை. சித்திரை நட்சத்திரமும் ஒமேகா சென்டாரியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தெற்கு உச்சிக்கு வரும். சித்திரை நேர் தெற்கில் 70 டிகிரி உயரத்தில் நிற்கும்போது, கையை நீட்டி முஷ்டி பிடித்து (ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி) அங்கிருந்து நேர் கீழே மூன்றரை முஷ்டி இறங்குங்கள். கொத்து 34 டிகிரி உயரத்தில் இருக்கும். போனிலுள்ள சாய்மானம் காட்டும் ஆப்பைத் திறந்து, குழாயின் மேல் போனை வைத்து 34 வரும்வரை தாழ்த்தினால் பாதி வேலை முடிந்தது. பிறகு 25 மி.மீ. ஐபீஸோடு இடமும் வலமும் மெல்ல நகர்த்தித் தேடுங்கள். தவறிவிட்டால் இன்னொரு வழி: கொத்துக்குக் கிழக்கே 5 டிகிரியில் ஜீட்டா சென்டாரி, பொலிவு எண் 2.5, ஊருக்குள்ளும் வெறுங்கண்ணுக்குத் தெரியும். அதிலிருந்து மேற்கே நகர்த்துங்கள்.

நேரம்: மார்ச் நடுவில் அதிகாலை இரண்டு மணி தாண்டி, ஏப்ரல் நடுவில் நள்ளிரவு பன்னிரண்டேகால், மே நடுவில் இரவு பத்தேகால். ஒரு எச்சரிக்கை. சித்ரா பௌர்ணமி நிலா சித்திரை நட்சத்திரத்தின் பக்கத்திலேயே நிற்கும், அந்த வாரம் வீண். அமாவாசையை ஒட்டிய இரவுகளே கணக்கு.

பொட்டல்வெளி:

மேலே சொன்னது சரி, ஒரு சின்னத் திருத்தம். எல்லா ஃபில்டரையும் ஒரே கூடையில் போட வேண்டாம். ஏப்ரல் நடுவில் இரவு ஒன்பதரைக்குத் தெற்கே 21 டிகிரி உயரத்தில் கரினா நெபுலா நிற்கும். அது வாயு மேகம், தன் ஒளியைக் குறிப்பிட்ட சில அலைநீளங்களிலேயே (ஆக்ஸிஜன் 496, 501, ஹைட்ரஜன் 486) உமிழ்கிறது. அதற்கு யு.எச்.சி. ஃபில்டர் (அந்தச் சில அலைநீளங்களை மட்டும் விடுவது), அதுவும் உங்கள் 25 மி.மீ. ஐபீஸில், எல்.இ.டி. ஊரிலும் பலன் தரும். ஓரையனில் உள்ள எம் 42 நெபுலாவுக்கும் அப்படியே. கொத்துகளுக்கும் கேலக்ஸிகளுக்கும் எந்த ஃபில்டரும் இல்லை என்பதில் மாற்றுக் கருத்து கிடையாது.

இனி விளக்கு. அண்ணாச்சி, விளக்கை அணைக்கச் சொல்லி மனு கொடுத்தா நடக்காது, மூடி போடச் சொல்லிக் கொடுத்துப் பாருங்க. அதுவரைக்கும் ஒரு இன்ச் பிவிசி பைப்பில் 6 அடி உயரம், 6 அடி அகலத்துக்கு ஒரு சட்டம் அடிங்க. கருப்புத் துணி கட்டினா காத்துக்குப் பாய்மரம் மாதிரி தூக்கிரும். தோட்டத்துக்குப் போடுற 75 சதவீத நிழல்வலை ரெண்டு அடுக்குப் போதும். ஒண்ணு கால் பங்கு வெளிச்சத்தை விடும், ரெண்டு சேர்ந்தா பதினாறில் ஒரு பங்கு. காத்தும் உள்ள போயிரும். கால்களை 20 லிட்டர் பெயின்ட் வாளியில் மணல் நிரப்பி நட்டுக்கிடுங்க. சட்டத்தை டெலஸ்கோப்புக்கு எட்டடி தள்ளி வைங்க. அப்ப சுமார் 20 டிகிரி உயரம் வரைக்கும்தான் மறையும், ஒமேகாவுக்கு வழி இருக்கும்லா. ரொம்பக் கிட்ட வச்சா கொத்தையே மறைச்சிரும், நிறைய பேர் செய்யுற தப்பு இதுதான். இதோட தலைக்கு மேல ஒரு கருப்புத் துண்டு. கண்ணு இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும், நடுவுல ஒரு தடவை போன் திரையைப் பாத்தா திரும்பவும் முதல்ல இருந்து. அந்தச் சாய்மானம் காட்டுற ஆப்பைத் திறக்கிறதுக்கு முன்னாடியே திரையை அடியோட குறைச்சு, சிவப்பு நிறத்துக்கு மாத்திக்கிடுங்க.

மாடிக் கான்கிரீட் பகல் வெயிலை வாங்கி நள்ளிரவு வரைக்கும் கக்கும். 34 டிகிரியில் பாக்குறப்ப பக்கத்து வீட்டு ஓட்டுக்கு மேலயும் ஏ.சி. பெட்டிக்கு மேலயும்தான் பாப்பீங்க, படம் கொதிக்கிற தண்ணி மாதிரி ஆடும். அது டெலஸ்கோப் குத்தம் இல்ல. சாயங்காலமே குழாயை வெளியில வைங்க, கண்ணாடி ஆற ஒரு மணி நேரமாவது வேணும்.

ஆறாமீன்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நாம் இருப்பது 8.7 டிகிரி வட அட்சம், தெற்கு வானம்தான் நம் சொத்து. அதனால் ஊருக்குத் தெற்கே போக வேண்டும். நகர வெளிச்சம் முதுகுப்பக்கம் விழட்டும். வடக்கே போய் நின்றால் வானம் இருட்டாக இருந்தாலும் வேண்டிய திசையில் நெல்லையின் வெளிச்சக் குடை நிற்கும். நாங்குநேரிப் பக்கம் நான்குவழிச் சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டராவது உள்ளே போனால்தான் ஹெட்லைட் அடிக்காது. மூலைக்கரைப்பட்டிப் பக்கமும் பார்க்கலாம், ஆனால் கூந்தன்குளம் கரைக்குப் போக வேண்டாம்: அது சரணாலயம், கோடை வரை கூட்டில் குஞ்சு இருக்கும். உவரிக் கடற்கரையில் தெற்கே கடல்தான், ஆனால் தென்மேற்கில் கூடங்குளம் வெளிச்சமும், கண்ணாடியில் படியும் உப்பும் உண்டு. திசையன்விளைத் தேரியில் தார்ப்பாய் விரிக்காமல் டாப்சோனியனை வைத்தால் செம்மண் சுழல்தட்டுக்குள் புகுந்து அரைக்கும். ராதாபுரம் பக்கம் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் கண்ணை உறுத்தும். பாபநாசம், மணிமுத்தாறு மலைப்பக்கம் புலிகள் காப்பகம், இரவில் அனுமதி கிடையாது, நினைக்கவே வேண்டாம்.

எங்கே போனாலும் பகலில் போய் இடத்தைப் பார்த்து, நிலத்துக்காரரிடம் சொல்லி வைப்பது முறை. முள்ளும் விரியனும் உள்ள பூமி, வெறும் செருப்பு போதாது, காலை மூடும் ஷூ போட்டுத்தான் போக வேண்டும்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். தை முதல் சித்திரை வரை நல்லது. ஆனி, ஆடியில் மலையிலிருந்து மேகம் ஓடிவரும், காற்றுக்குக் குழாய் நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழை. தையில் பனி இறங்கும். டாப்சோனியனில் பிரதான கண்ணாடி ஆழத்தில் இருப்பதால் தாங்கும், முதலில் நனைவது ஐபீஸும் ஃபைண்டரும் (குறிபார்க்கும் சின்னக் குழாய்) தான். ஒரு ஐபீஸைச் சட்டைப் பையில் உடல் சூட்டில் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரத்தோடு மூடிவிட்டால் பூஞ்சை நிச்சயம்.

இடத்தை ஒப்பிட மீட்டர் தேவையில்லை. மே மாத இரவில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தைப் பாருங்கள். ஏழில் மங்கலான அத்திரி பொலிவு எண் 3.3, வசிட்டரை ஒட்டிய அருந்ததி 4. அத்திரி தெரிந்து அருந்ததி தெரியாவிட்டால் அது ஊர் வானம். தையில் கார்த்திகைக் கொத்தில் ஆறையும் எண்ண முடிந்தால் 4.3 வரை தெரிகிறது, அந்த இடத்தை விடாதீர்கள். கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு எண்ண வேண்டும்.

மாடிவீடு_பாளை:

எல்லோருக்கும் நன்றி. நிழல்வலை நாளைக்கே வாங்குகிறேன். ஒரு கிளைக் கேள்வி: படம் எடுக்க ஈக்குவடோரியல் மவுன்ட் (அச்சைத் துருவத்துக்கு நேராக வைத்து, வானத்தின் நகர்வோடு டெலஸ்கோப்பைத் திருப்பும் தாங்கி) வாங்கினால், துருவ நட்சத்திரம் இங்கே தெரியாததற்கு என்ன செய்வது?

சித்திரைக்குக்_கீழே:

துருவம் இங்கே 9 டிகிரிக்கும் குறைவான உயரம். ஊருக்குள் புகையிலும் வெளிச்சத்திலும் மூழ்கிவிடும், மாடிச் சுவரே மறைத்துவிடும். நகர்வைப் பார்த்துச் சரிசெய்யும் முறைதான் வழி: உச்சிக்கோட்டில், வான நடுக்கோட்டை ஒட்டிய விண்மீன் ஒன்றைப் பார்த்து இடவலத்தையும், கிழக்கே தாழ்ந்த விண்மீன் ஒன்றைப் பார்த்து உயரத்தையும் திருத்துங்கள். வாங்கும் முன் கடையில் ஒன்று கேளுங்கள்: அச்சை 8.7 டிகிரிக்குத் தாழ்த்த முடியுமா என்று. பல மவுன்ட்களில் அவ்வளவு தாழ்த்தினால் எதிர்எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும்.