புயல் அடித்த சபைக்குத் துணைக்குப் போன ஐயர்மாரே (சபைப் போதகர்களே), போதகருக்கு உதவும் உபதேசியார்மாரே, அங்கே என்ன நடந்தது?

ஊர்சுற்றி_ஐயர்

கஜா புயல். 2018 நவம்பர் 15 முடிஞ்சு 16 பிறந்த அந்த ராத்திரியைப் பற்றி நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்லை. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு சின்ன சபை. அங்கிருந்த ஐயருக்கு அஞ்சு கிராமம் பொறுப்பு, அவர் வீட்டு ஓடே பறந்து போயிருந்தது. "ரெண்டு ஞாயிறு நீங்க போய் ஆராதனை நடத்துங்க, அவர் கொஞ்சம் மூச்சு விடட்டும்"னு என்னை அனுப்பினாங்க.

பிரசங்கத்தை பஸ்ஸிலேயே தயார் பண்ணிட்டேன். ஆபகூக் 3:17. "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்..." தோப்பு தோப்பா தென்னை சாய்ஞ்சு கிடக்கிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமா வேற எது இருக்குன்னு நினைப்பு. நல்லாத்தான் பேசினேன்.

முடிஞ்சு வாசல்ல நின்னு கை கொடுக்கும்போது ஒரு தாத்தா என் கையை விடலை. "ஐயரே, அத்தி வெட்டினாலும் துளிர்க்கும். தென்னை சாய்ஞ்சா சாய்ஞ்சதுதான். புதுசா வெச்சு காய் பார்க்க ஏழு வருஷம் ஆகும். எனக்கு எழுபத்தாறு." கோபமே இல்லை. விவசாயம் தெரியாத பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொன்னார். கையை விட்ட பிறகு, "போன வாரம் வந்த ஐயரும் இதே வசனம்தான்"னார்.

என்ன பதில் சொல்லியிருக்கணும்? நான் "ஜெபிக்கிறேன் தாத்தா"ன்னேன். அது இன்னும் உறுத்துது.

---

குருமனைப்_பொண்ணு

ஐயர் அங்கிள், உங்க பிரசங்கத்தை அந்தத் தாத்தாவைத் தவிர யாரும் ஞாபகம் வெச்சிருக்க மாட்டாங்க, கவலைப்படாதீங்க. எங்க அப்பாவும் டெல்டாவுல ஐயர், அதே கஜாதான். எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது சாப்பாடு. துணைக்கு வர்றோம்னு ரெண்டு கார்ல வருவாங்க. செங்கல் அடுப்புல ஈர விறகை வெச்சுக்கிட்டு அம்மா அத்தனை பேருக்கும் சோறு வடிப்பாங்க. ஜெபம் பண்ணுவாங்க, போட்டோ எடுப்பாங்க, "எப்படி இருக்கீங்க ஐயரே"ன்னு கேப்பாங்க. "ஸ்தோத்திரம், கர்த்தர் நடத்துறார்"னு அப்பா சொல்வார். மேலிடத்து ஆளுங்க முன்னாடி வேற என்ன சொல்ல முடியும்?

அப்பாவை வாட்டி எடுத்தது புயல் இல்லை, நிவாரணத் தார்ப்பாய் கணக்கு. அந்தத் தெருவுக்கு முதல்ல கொடுத்தார், இந்தத் தெருவுக்கு மிச்சம் கொடுத்தார்னு பேச்சு. எந்தத் தெரு, எதுக்கு அப்படிப் பேசினாங்கன்னு இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ராத்திரி மெழுகுவர்த்தி வெச்சுக்கிட்டு நோட்டைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்ப்பார்.

திருச்சிப் பக்கம் இருந்து ஒரு வயசான ஐயர் தனியா பஸ்ல வந்தார். கையில ஒரு பொட்டலம் அவல், அவருக்கு அவரே கொண்டு வந்தது. வந்ததும் அந்த நோட்டை வாங்கினார். "இனிமே இது என் தலைவலி. நீங்க போய்ப் படுங்க."

கூரை நின்ன இடம் சபைக் கோயில் மட்டும்தான். அப்பா பாய் போட்டுப் படுத்தவர் சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்கலை. வந்தவங்க எல்லார்கிட்டயும் அந்த ஐயர் வாசல்ல உட்கார்ந்துக்கிட்டு "ஐயர் தூங்குறார்"னு சொன்னார். எங்க வீட்டு வாசல்ல அதுவரைக்கும் யாரும் அதைச் சொன்னதில்லை. யார் வந்தாலும் எழுப்பித்தான் பழக்கம்.

---

நாகை_பழசு

நான் ஐயர் இல்லை, உபதேசியார். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் சாவு. போதகர்கள் போதவில்லை, எங்களையும் கூட்டிப் போனார்கள். மூன்றாம் நாள் என்று நினைக்கிறேன், நாள் கணக்கு குழம்பிவிட்டது. குழி வெட்டி வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, நம் சபையா, கோயிலுக்குப் போகிறவர்களா, ஒன்றும் தெரியாது. பொக்லைன் டிரைவர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "சார், ஏதாவது சொல்லுங்க. நான் மண்ணைத் தள்ளணும்."

ஆராதனைப் புத்தகம் கையில் இல்லை. 23ஆம் சங்கீதம் ஆரம்பித்தேன். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்..." ஐந்து வயதிலிருந்து மனப்பாடம். "அமர்ந்த தண்ணீர்கள் அண்டையில்" என்ற இடம் வந்ததும் வாய் நின்றுவிட்டது. முதுகுக்குப் பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்து அவர் வண்டியை எடுத்துவிட்டார்.

மீதியை நான் சொல்லவே இல்லை. இத்தனை வருடம் கழித்தும் யாரிடமாவது கேட்க வேண்டும் போலிருக்கிறது: அது அடக்கம்தானா?

---

கடலூர்_மாமா

நாகை ஐயா, சடங்கு சரியாக இருந்தால்தான் செல்லும் என்று நாம் எப்போது சொன்னோம்? நீங்கள் லுத்தரன்தானே? அடக்கம்தான். அதோடு விடுங்கள்.

என் அனுபவம் சிறியது. நான் ஏ.எல்.சி. (ஆற்காடு லுத்தரன் சபை); 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் அடித்தது, மறுநாள் ராத்திரி புது வருஷ ஆராதனை. திருவண்ணாமலைப் பக்கம் இருந்து ஓய்வுபெற்ற போதகர் ஒருவர், ரோட்டில் மரம் வெட்டுகிற ஆட்களோடு ஆளாக வந்து சேர்ந்து, டார்ச் வெளிச்சத்தில் நடத்தினார். புது வருஷத்துக்கு ஆளுக்கொரு வேத வசனம் எடுக்கிற வாக்குத்தத்த அட்டைகள் எல்லாம் ஊறிப்போய் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

துணைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை. சாப்பாட்டை நீங்களே கொண்டு போங்கள் (தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு). திருவிருந்துக்கான அப்பமும் திராட்சரசமும் கூட. அங்கே இருந்தது நனைந்திருக்கும், திருவிருந்துக்கு ஓட வேண்டியிருக்கும். உங்கள் பிரசங்கத்தைப் போகிற வழியில் எழுதாதீர்கள். ஒரு நாள் முன்னால் போய் நாலு வீடு நடந்துவிட்டு எழுதுங்கள். போன உடனே ஞானஸ்நானப் பதிவேடும் கல்யாணப் பதிவேடும் எங்கே என்று கேளுங்கள். இதை யாரும் யோசிப்பதில்லை. 2015 வெள்ளத்தில் நான் பார்த்தேன்: வயதானவர்கள் பலருக்குப் பிறந்த தேதிக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்த ஏடுதான், அது அலமாரியின் அடித்தட்டில் ஊறிக் கிடந்தது. வெயிலில் போடக் கூடாது, தாள் சுருண்டு விறைத்துவிடும். ஒட்டின தாளைப் பிய்க்கக் கூடாது. நடு நடுவே செய்தித்தாள் வைத்து நிழலில், காற்றில். தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பேனா மையில் எழுதின பழைய ஏடு என்றால் இன்னும் பதமாக. அப்புறம், எல்லாரும் முதல் ரெண்டு வாரம் போவார்கள். ஐயர் உடைவது அதற்கப்புறம். காணிக்கை குறைந்திருக்கும், நிவாரண லாரி நின்றிருக்கும், ஜனங்களின் கோபத்துக்கு எதிரே அவர் ஒருவர்தான் இருப்பார். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒருமுறை போங்கள். இன்னும் ஒன்று: ஐயரம்மாவிடம் தனியாக ஒரு பெண் பேச வேண்டும், நீங்கள் பேசினால்...

---

ரப்பர்_தோட்டம்

மாமா, இங்க கேட்டது அனுபவம். நீங்க போட்டது சுற்றறிக்கை. (பதிவேடு விஷயம் மட்டும் சேமிச்சு வெச்சுக்கிட்டேன்.)

நாங்க குமரி மாவட்டம், ஐ.ஈ.எல்.சி. (இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை). ஒக்கி புயல், 2017. கடலுக்குப் போனவங்க திரும்பல, அதனால கேமரா, மந்திரி எல்லாம் கடற்கரைக்கு. அதுதான் நியாயமும். எங்க சபைக்காரங்க உள்ள இருக்கிறவங்க. வாழையும் ரப்பரும் மொத்தமா போச்சு, கடன் மட்டும் அப்படியே நின்னுச்சு. நாலு நாள் கழிச்சு எங்க பாஸ்டருக்கு லைன் கிடைச்சுது. "என்ன வேணும் பாஸ்டர், ஆள் அனுப்பட்டுமா?"ன்னு கேட்டேன். "அங்க ஆளே வரலை, இங்க நான் வாழைக்கு அழட்டுமா?"ன்னார். சரின்னு நானும் போனை வெச்சுட்டேன். அவர் வீட்டுக் கூரை ஷீட்டும் போயிருந்ததுன்னு கிறிஸ்மஸுக்குத்தான் தெரிஞ்சுது.

---

குருமனைப்_பொண்ணு

கடலூர் அங்கிள், எங்க அம்மாகிட்ட யாரும் தனியா பேசலை. அது உண்மை.

அப்பா இப்போ ரிட்டையர்டு. அந்தக் கணக்கு நோட்டு இன்னும் வீட்டுலதான் இருக்கு. பாதிக்கு மேல திருச்சி ஐயரோட கையெழுத்து. மூணு தார்ப்பாய் இன்னும் இடிக்குது.