மறு: வீப் ஹோல் – ‘கசிவுத் துளை’ சரிதானா?

வணக்கம்.

பழைய டீசல் லாரி எஞ்சினை வாங்குமுன் எப்படிச் சோதிப்பது என்ற பட்டியலைத் தமிழாக்கி வருவதாகப் போன மடலில் சொல்லியிருந்தேன். பாதிக்கு மேல் முடிந்தது. தேய்மானம், ஆட்டம், அடைப்பு, புகைச்சல் எல்லாம் பட்டறைப் பேச்சிலேயே தயாராகக் கிடைத்தன. சிக்கிக்கொண்ட இடம், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப். அதன் அடியில் வீப் ஹோல் என்று ஒரு சிறு ஓட்டை இருக்கிறது. அதற்குக் ‘கசிவுத் துளை’ என்று போட்டேன். வாக்கியம் இப்படி வந்து நிற்கிறது:

“வாட்டர் பம்ப்பின் கசிவுத் துளையில் கசிவு உள்ளதா எனப் பார்க்கவும்.”

படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. கசிவுத் துளை என்றால் கசியத்தானே செய்யும்? ‘வடிதுளை’ என்று வைக்கலாமே என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். மதில்களில் நீர் வெளியேற விடும் துளைக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தானாம். எது தேவலை?

---

> கசிவுத் துளை என்றால் கசியத்தானே செய்யும்?

இதைச் சிரித்துவிட்டு விட முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு வண்டியில் இதேதான் நடந்தது. பம்ப்புக்கு அடியில் இரண்டு மூன்று நாளாகச் சொட்டு. புதிதாய் வேலைக்குச் சேர்ந்த பையன், “இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது, அதிலிருந்துதான் வருகிறது” என்று கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்ததோடு நிற்காமல் சீலன்ட்டை வைத்து அடைத்தும்விட்டான். தரை காய்ந்தது. எல்லோருக்கும் திருப்தி. சில வாரம் கழித்துப் பார்த்தால் டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருக்கிறது. யாரும் ஊற்றவில்லை. அது பல்சக்கரத்தால் ஓடும் பம்ப். வெளியே போக வழியில்லாத கூலன்ட் (குளிர்விக்கும் நீர்) எஞ்சினின் பல்சக்கர உறைக்குள் இறங்கி, அங்கிருந்து அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்தத் துளையின் வேலை என்ன என்று முதலில் பார்த்துக்கொண்டால் சொல் தானாக வரும். பம்ப்பின் தண்டில் கூலன்ட் பக்கம், கசியாமல் தடுக்க ஒரு சீல் இருக்கும். பேரிங் பக்கம் தனியாக ஒரு தடுப்பு. பல்சக்கர பம்ப்பாக இருந்தால் அது ஆயில் சீல். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன வெற்றிடம். அந்த வெற்றிடத்திலிருந்து வெளியே திறக்கும் வாசல்தான் இது. முதல் சீல் தேய்ந்து கூலன்ட் தாண்டினால், பேரிங்கைக் கெடுப்பதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். வந்து, பார்ப்பவன் கண்ணில் பட வேண்டும். ஆக, ஆளைக் கூப்பிட்டுச் சொல்வதற்கென்றே வைத்த துளை. கூலன்ட் வந்தால் இந்தப் பக்கச் சீல் போயிற்று. ஆயில் வந்தால் அந்தப் பக்கச் சீல் போயிற்று. இவ்வளவு சொல்லும் துளைக்குக் ‘கசிவுத் துளை’ என்று பெயர் வைத்தால், கசிவு இருக்கும் துளை, அடைக்க வேண்டிய துளை என்றுதான் காதில் விழும்.

> ‘வடிதுளை’ என்று வைக்கலாமே

மதிலுக்கு அது பொருத்தம். பம்ப்புக்கு ஆகாது. மதிலில் அந்தத் துளை வழியே தண்ணீர் வந்தால் மதில் நலமாக இருக்கிறது என்று பொருள். வராமல் அடைத்துக்கொண்டால்தான் பின்னால் தேங்கிய நீர் மதிலைத் தள்ளும். பம்ப்பில் நேர்மாறு. வராதவரை நலம், வந்தால் நோய். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றையே வைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இன்னொன்று. பட்டியல் முழுக்கக் கசிவு, கசிவு, கசிவு என்று ஒரே சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். நமக்கா சொல் பஞ்சம்? அமெரிக்க ராணுவத்தின் வாகனப் பராமரிப்பு ஏடுகளில் கசிவை மூன்று வகுப்பாகப் பிரிப்பார்கள். ஈரமோ நிறமாற்றமோ தெரியும், ஆனால் துளி கட்டாது என்பது முதல் வகுப்பு. துளி கட்டும், பார்த்துக்கொண்டிருக்கும்போது விழாது என்பது இரண்டாவது. துளி விழுந்தால் மூன்றாவது. அவர்கள் எண் போட்டுச் சொல்வதை நாம் சொல்லாகவே சொல்லலாம்: பொசிவு, துளிர்ப்பு, சொட்டு. நெற்றியில் வியர்வை துளிர்த்தது என்கிறோமே, அந்தத் துளிர்ப்பு. கசிவு இவை மூன்றுக்கும் பொதுச்சொல்லாக இருந்துவிட்டுப் போகட்டும்.

பட்டறையில் இந்த வேறுபாடு முக்கியம். அந்தத் துளைக்குக் கீழே காய்ந்த கறை மட்டும் இருந்தால் பதற வேண்டாம். சீலின் இரண்டு முகங்களும் உரசி ஓடுவதற்கு நடுவில் மெல்லிய கூலன்ட் படலம் வேண்டும். அதில் கொஞ்சம் ஆவியாக வெளியே வருவது இயல்புதான். பொசிவு என்றால் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த முறையும் பார்க்கலாம். சொட்டினால் பம்ப்பைக் கழற்ற வேண்டியதுதான்.

துளைக்கு என் பரிந்துரை: பொசிகண். ஊற்றுக்கண், வலைக்கண், சல்லடைக்கண் என்றெல்லாம் ‘கண்’ நம்மிடம் துளை என்ற பொருளில் வெகுகாலமாகப் புழங்குவதுதான். வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்றும் மிகாது. ‘துளை’ என்றால் அடைக்கக் கை துறுதுறுக்கும். கண்ணில் போய் யாரும் சீலன்ட் வைக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

---

> பொசிகண்

மன்னிக்க வேண்டும், முதல் பார்வைக்குக் கண் நோய் போல இருக்கிறது. ‘பொசிகண்ணைப் பஞ்சால் துடைத்துவிட்டுப் பார்க்கவும்’ என்று எழுதிப் பாருங்கள், சொட்டு மருந்து எழுதித் தரத் தோன்றும்.

நான் ‘காட்டுதுளை’ என்பேன். காட்டிக்கொடுப்பதுதானே அதன் வேலை? இன்னொரு வசதியும் உண்டு. வெட் லைனர் (வெளிப்பக்கம் கூலன்ட் படும்படி செருகிய சிலிண்டர் குழாய்) போட்ட சில எஞ்சின்களில், லைனரின் அடியில் இருக்கும் இரண்டு ஓ-ரிங் ரப்பர் வளையங்களுக்கு நடுவே பிளாக்கின் வெளிப்பக்கம் இதே போல ஒரு துளை விட்டிருப்பார்கள். மேல் ரிங் விட்டுக்கொடுத்தால், கூலன்ட் சம்ப்புக்குள் போகுமுன் அங்கே தலைகாட்டும். அதற்கும் சேர்த்து ஒரே சொல்லாகக் காட்டுதுளை நிற்கும்.

பொசிவு, துளிர்ப்பு, சொட்டு மூன்றையும் அப்படியே ஏற்கிறேன். ஆனால் ஒரு குறை. சூடான எஞ்சினில் சிறு கூலன்ட் கசிவு பெரும்பாலும் சொட்டே ஆகாது. விழுமுன் ஆவியாகிவிடும், தரையில் ஒன்றும் இருக்காது. மிஞ்சுவது வெளுத்தோ பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ படிந்த பொருக்கு மட்டும்தான். ஹோஸ் கிளிப்புக்குப் பக்கத்திலும் ஹெட் கேஸ்கெட் ஓரத்திலும் அதைத்தான் தேட வேண்டும். ஆகவே ‘பொருக்கு’ என்பதையும் பட்டியலில் சேர்க்கவும். புண் பொருக்கு கட்டுவது எல்லோருக்கும் தெரியும், விளக்கவே வேண்டாம்.

---

இருவருக்கும் நன்றி. கண் நோயைப் படித்துச் சிரித்தேன். ஆனாலும் நேற்று ஒரு சோதனை செய்தேன். எங்கள் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் ஒன்றும் விளக்காமல் இரண்டு சொல்லையும் சொன்னேன். ‘காட்டுதுளை’ என்றதும், “காட்டுல போடற துளையா அண்ணா?” என்றார். ‘பொசிகண்’ என்றதற்கு ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “ஊத்துக்கண்ணு மாதிரியா? பம்ப்புக்குக் கீழே இருக்குமே, அதுவா?” என்றார். ஒரே ஆளைக் கேட்டு முடிவு கட்டக் கூடாதுதான். இருந்தாலும் என் ஓட்டு பொசிகண்ணுக்கு. லைனர் பக்கத்துத் துளைக்கும் அதுவே போதும் – ‘லைனர் பொசிகண்’.

பட்டியலில் அந்தப் பகுதி இப்போது இப்படி நிற்கிறது:

“எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும். அழுத்தமானி உள்ள சோதனைப் பம்ப்பைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அழுத்தம் வரை மட்டும் ஏற்றிக் கால் மணி நேரம் விடவும். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. வெளியே பொருக்கையும் ஈரத்தையும் தேடவும். வாட்டர் பம்ப்பின் பொசிகண்ணை விரலால் தடவிப் பார்க்கவும்: காய்ந்த கறையா, பொசிவா, துளிர்ப்பா, சொட்டா? விரலில் ஒட்டுவது கூலன்ட்டா, ஆயிலா? பொசிகண்ணை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. அப்புறம் பம்ப் கப்பியை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கவும். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது.

வெளியே ஒன்றும் தெரியாமல் முள் மட்டும் இறங்கினால் கசிவு உள்ளே. வண்டியை ஓர் இரவு அசைக்காமல் நிறுத்தி, காலையில் எஞ்சினை முடுக்காமல் சம்ப்பின் டிரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்தவும். கூலன்ட் ஆயிலை விடக் கனமானது, அடியில் தங்கும். ஆயிலுக்கு முன்னால் நீர் எட்டிப் பார்த்தால் ஹெட் கேஸ்கெட், லைனர் ஓ-ரிங், ஆயில் கூலர் மூன்றையும் சந்தேகிக்கவும்.”

‘எட்டிப் பார்த்தால்’ என்பது கையேட்டு நடைக்குக் கொஞ்சம் அதிகமோ? பிளக்கைத் தளர்த்தும்போது உண்மையில் அப்படித்தான் வருகிறது. முதலில் ஒரே ஒரு தெளிந்த துளி, அதன் பின்னால் கறுப்பு.

அடுத்த சிக்கல், ‘ப்ளோ-பை’. பிஸ்டன் ரிங் தேய்ந்தால் எரிந்த வாயு கீழே இறங்கி, எஞ்சினின் மூச்சுக்குழாயான பிரீதர் வழியாக வெளியே வருகிறதே, அது. பட்டறையில் “பிரீதர்ல புகை தள்ளுது” என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். பெயர்ச்சொல் யாரிடமாவது இருக்கிறதா? அதற்குத் தனித் தலைப்பில் எழுதுங்கள், இந்த இழை ஏற்கெனவே நீண்டுவிட்டது.