குரோமியத்தைப் பிரித்தெடுக்க அயனித் திரவம்: நம் மாவட்டத்துக்கு ஏற்றதா?

காட்பாடி மாணவி:
அனைவருக்கும் வணக்கம். ராணிப்பேட்டையில் பல ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மேட்டிலிருந்து, ஆறு இணைதிறன் நிலையில் உள்ள குரோமியம் (குரோமியம்-6) இன்றும் நிலத்தடி நீரில் கசிந்துகொண்டிருப்பதை இங்குள்ள எல்லோரும் அறிவோம். அந்த நீரைச் சுத்திகரிக்க அயனித் திரவங்களைப் பயன்படுத்த வேண்டும் என்பது என் வாதம். நூறு டிகிரி செல்சியசுக்குக் கீழேயே உருகிவிடும் உப்புகளைத்தான் அயனித் திரவங்கள் என்கிறோம். வேதியியலாளர் பால் வால்டன் 1914-இல் விவரித்த எத்தில் அம்மோனியம் நைட்ரேட் ஏறத்தாழ 12 டிகிரியிலேயே உருகியது. முழுவதும் அயனிகளால் ஆனவை என்பதால் இவை அறை வெப்பத்தில் ஆவியாவதில்லை என்றே சொல்லலாம். மண்ணெண்ணெய், டொலுவீன் போன்ற கரைப்பான்களைக் கையாளும் தொழிலாளர்கள் சுவாசிக்கும் ஆவியும் தீப்பிடிக்கும் அச்சமும் இவற்றால் பெருமளவு குறையும். நீரில் குரோமியம்-6 எதிர்மின் அயனியாகவே இருப்பதால், நீண்ட சங்கிலி கொண்ட அம்மோனியம் அல்லது பாஸ்போனியம் குளோரைடு திரவம் தன் குளோரைடை விட்டுவிட்டுக் குரோமேட்டைப் பற்றிக்கொள்ளும். பிறகு காரம் கலந்த உப்புக் கரைசலால் கழுவினால் குரோமேட்டை மீட்டுவிடலாம். மலேசியாவில் இயற்கை எரிவாயுவிலிருந்து பாதரசத்தை நீக்க, திண்மத் துகள்களில் பூசிய அயனித் திரவம் தொழிற்சாலை அளவிலேயே பயன்படுகிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

பாலாற்றங்கரையான்:
உங்கள் அக்கறையை மதிக்கிறேன், அம்மா. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் காட்டிய மலேசிய எடுத்துக்காட்டே உங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கிறது. ஆவியாகாத திரவம் வாயுவோடு வெளியேற வழியில்லை, ஆகவே எரிவாயுக் குழாயில் அது துகள்களிலேயே தங்கிவிடுகிறது. நீருக்கோ உப்பைக் கரைப்பதே இயல்பு. ஆவியாகாத பொருள் காற்றில் கலக்காது என்பது உண்மை என்றாலும், நீரில் கலக்காது என்று அதற்குப் பொருளில்லை. உலோக அயனியை வளையம்போல் சூழ்ந்து பிடிக்கும் கிரவுன் ஈதரைக் கொண்டு ஸ்ட்ரான்சியத்தை இமிடசோலியம் வகை அயனித் திரவத்துக்குள் இழுத்த ஆய்வுகளில், உலோகம் உள்ளே போன அளவுக்கு இமிடசோலியம் நேர்மின் அயனி நீருக்குள் வெளியேறியது என்பது 2001-லேயே காட்டப்பட்டுவிட்டது.

அப்படி வெளியேறுவது தீங்கற்ற பொருளும் அல்ல. பக்கச் சங்கிலி நீள நீள, நீர்வாழ் உயிர்களுக்கு இதன் நச்சுத்தன்மை ஏறுகிறது. மெத்தில் ஆக்டைல் இமிடசோலியம் என்ற அயனி இங்கிலாந்தில் ஒரு குப்பைமேட்டை ஒட்டிய மண்ணில் கண்டறியப்பட்டது. அது ஒருவகைக் கல்லீரல் நோயைத் தூண்டக்கூடும் என்ற ஐயத்தை ஓர் ஆய்வுக்குழு 2018-இல் எழுப்பியது. நம் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களோ நீரை அழுத்தத்தால் சவ்வு வழியே செலுத்தி உப்பைப் பிரிக்கும் எதிர்ச் சவ்வூடுபரவலை நம்பியிருக்கின்றன. அந்தச் சவ்வின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை உடையது என்பதால், நீண்ட சங்கிலி அம்மோனியம் அதில் ஒட்டிக்கொண்டு சவ்வைக் கெடுத்துவிடும்.

மேலும், இன்று இயங்கும் தோல் தொழிற்சாலைகளின் குரோமியம் மூன்று இணைதிறன் நிலையில் (குரோமியம்-3) இருப்பது. மக்னீசியம் ஆக்சைடால் வீழ்படியச் செய்து, கந்தக அமிலத்தில் கரைத்து, மீண்டும் பதனிடும் தொட்டிக்கே அதை அனுப்பும் முறை ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. அங்கே அயனித் திரவத்துக்கு வேலையே இல்லை. தீங்கு நிரூபிக்கப்படும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையோடு நடக்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-இல் வலியுறுத்தியது இந்த வேலூர் தோல் கழிவு வழக்கில்தான் என்பதை நாம் மறக்கலாகாது.

ஆய்வக மேசை:
இருவரும் ஆயிரக்கணக்கான லிட்டர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். அயனித் திரவம் இன்று உறுதியாகப் பயன்படுவது மைக்ரோலிட்டர் அளவில், பகுப்பாய்வு மேசையின் மேல். வாணியம்பாடிப் பக்கம் தோல் மாதிரிகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். தோலுக்கான குரோமியம்-6 வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று வகுத்துள்ளது. ஐஎஸ்ஓ 17075 முறைப்படி பாஸ்பேட் கரைசலில் பிரித்து, குரோமியம்-6 உடன் நிறம் தரும் டைபினைல் கார்பசைடைச் சேர்த்து, அந்த நிறத்தைக் கொண்டு அதை அளக்கிறோம். வாங்குபவர்கள் இந்த முறையைத்தான் ஏற்பார்கள், அதை மாற்ற நமக்கு இடமில்லை.

கிணற்று நீர் வேறு கதை. குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கான இந்திய வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அதனினும் குறைந்த அளவைச் சாதாரணச் சுடர் அணு உறிஞ்சல் கருவியால் நம்பகமாகக் காண்பது கடினம். உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் பைரோலிடின் டைதயோகார்பமேட்டைச் சேர்த்தால், அது குரோமியம்-6 உடன் மட்டும் விரைந்து இணையும், குரோமியம்-3 அசையாமல் நிற்கும். பிறகு சில துளி அயனித் திரவத்தை நீரில் நுண்துளிகளாகச் சிதறவிட்டு, மையவிலக்குக் கருவியில் சுழற்றினால், மாதிரி முழுவதிலும் இருந்த குரோமியம் அடியில் தங்கும் ஒரு துளியில் வந்து சேர்ந்துவிடும். முன்பு இதற்குக் குளோரோபாரம், கார்பன் டெட்ராகுளோரைடு போன்றவற்றைக் கையாள வேண்டியிருந்தது. அந்த மாற்றம் மேசையில் நிற்பவரின் உடல்நலத்துக்கே பெரிய நன்மை.

குறையும் உண்டு. அந்தத் துளியை, மாதிரியை ஆவியாக்கி அதன் கூறுகளைப் பிரித்துக் காட்டும் வாயு வண்ணப்படிவுக் கருவிக்குள் நேராகச் செலுத்தினால், ஆவியாகாமல் நுழைவாயிலிலேயே படிந்துவிடும். அதே ஆவியாகாத இயல்பு, மருந்துகளில் எஞ்சிய கரைப்பான்களை மேல்வெளி ஆவி முறையில் (குப்பியில் மாதிரிக்கு மேலே சேரும் ஆவியை மட்டும் கருவிக்குள் செலுத்தி) அளக்கும்போது நன்மையாகிறது, ஏனெனில் மாதிரியைக் கரைத்த திரவத்தின் உச்சி வரைபடத்தில் தோன்றுவதே இல்லை. அந்தக் கருவியில் அயனித் திரவம் பூசிய பிரிப்புக் குழாய்களோ, எண்ணெய்களின் சிஸ், டிரான்ஸ் கொழுப்பு அமிலங்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகின்றன. ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். ஹெக்சாபுளோரோபாஸ்பேட் உள்ள திரவத்தை அமில நீரோடு சூடாக்கினால் ஹைட்ரஜன் புளோரைடு உருவாகும், அது எலும்புவரை அரிக்கும் நஞ்சு.

காட்பாடி மாணவி:
நன்றி ஐயா. மூன்று இணைதிறன் குரோமியத்தில் மக்னீசியம் ஆக்சைடு முறையே போதும் என்பதை ஏற்கிறேன். ஆனால் ராணிப்பேட்டைக் கசிவுக்கு என்ன வழி? இரும்பு சல்பேட்டைச் சேர்த்து, குரோமியத்தை மூன்று நிலைக்கு இறக்கி வீழ்படியச் செய்தால் மறுபடியும் சேறுதான் மிஞ்சுகிறது. ஒரு குப்பைமேட்டைக் கழுவ இன்னொரு குப்பைமேட்டை எழுப்புவதை நான் தீர்வாகக் கருதவில்லை. பாலாற்றங்கரையான் ஐயா சுட்டிய இழப்பு, நீரில் ஓரளவு கரையும் குறுஞ்சங்கிலி இமிடசோலியத்துக்குப் பொருந்தும். டிரைஹெக்சைல் டெட்ராடெசைல் பாஸ்போனியம் குளோரைடு போன்றவை நீரில் மிகமிகக் குறைவாகவே கரைபவை. கோபால்டை நிக்கலிலிருந்து பிரிக்கும் ஆய்வுகளில் அதைக் கரைப்பான் சேர்க்காமலே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பாலாற்றங்கரையான்:
சேறு பற்றி நீங்கள் சொன்னது நியாயமான கேள்வி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சேறில்லாமல் குரோமேட்டை மீட்க வேண்டுமென்றால், எதிர்மின் அயனிப் பரிமாற்றப் பிசின் (தன் எதிர்மின் அயனியை விட்டு நீரிலுள்ளதைப் பிடிக்கும் பல்லுறுப்பி மணிகள்) சந்தையிலேயே கிடைக்கிறது. உங்கள் திரவம் செய்யும் அதே பரிமாற்றத்தை அதே வகை அம்மோனியத் தொகுதியே அங்கும் செய்கிறது. வேறுபாடு என்னவென்றால், பிசினில் அது பல்லுறுப்பிச் சங்கிலியோடு வேதிப்பிணைப்பால் கட்டப்பட்டிருக்கிறது, ஆகவே நீரோடு போய்விடாது. துகளில் வெறுமனே பூசிய திரவத்துக்கு அந்தக் கட்டு கிடையாது. பிசினைவிட உங்கள் திரவம் எந்த வகையில் மேல் என்று நீங்கள் காட்ட வேண்டும். சல்பேட்டும் குளோரைடும் மிகுந்த நம் நிலத்தடி நீரில் குரோமேட்டை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிடிக்கிறதா என்பதுதான் அதற்கான உரைகல். மிகக் குறைவாகவே கரையும் என்கிறீர்கள், அந்தக் குறைவு நாள்தோறும் ஓடும் நீரின் அளவால் பெருகும்.

காட்பாடி மாணவி:
அந்த ஒப்பீட்டைச் செய்யவே விரும்புகிறேன். திரவம் பூசிய துகள்கள் ஒன்றிலும் பிசின் மற்றொன்றிலுமாக இரண்டு குழாய்களை நிரப்பி, ஒரே கிணற்று நீரை இரண்டிலும் செலுத்தினால், இழப்பை எதைக் கொண்டு அளப்பது?

ஆய்வக மேசை:
பாஸ்போனியத்தில் பாஸ்பரஸ் இருப்பது உங்களுக்கு வசதி. முதலில் பாஸ்பேட் இல்லாத, சோடியம் குளோரைடு மட்டும் கலந்த காய்ச்சி வடித்த நீரைச் செலுத்துங்கள். வெளிவரும் நீரில் மொத்தப் பாஸ்பரஸையும் மொத்தக் கரிமக் கார்பனையும் தூண்டல் பிளாஸ்மா கருவியிலும் கார்பன் பகுப்பாய்வுக் கருவியிலும் அளந்துவிட்டு, அதன் பிறகே கிணற்று நீருக்குப் போங்கள். பிசின் குழாய்க்கும் இதே வரிசையில் அளவெடுங்கள். வெளிவந்த நீரைச் சாக்கடையில் ஊற்றாமல் தனிக் கலனில் சேர்த்து வையுங்கள்.

பாலாற்றங்கரையான்:
காரக் கழுவலையும் பலமுறை திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு மீண்டும் அளவெடுங்கள். பிசினும் திரவமும் தம் திறனை இழப்பது அங்கேதான் தெரியவரும். அளவுகளை இங்கே பதிவிட்டால், சவ்வுகளைப் பொறுத்தவரை எந்த அளவு தாங்கத்தக்கது என்பதை நான் கணக்கிட்டுத் தருகிறேன்.