சூப்பர் ஹீரோ நாளில் லைன்மேனை மேடையேற்றலாமா?

முள்ளியாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டிக்கு அருகில் உள்ள எங்கள் ஊர்ப்புற நூலகத்தின் வாசகர் வட்டம் சார்பில், வரும் ஏப்ரல் 28 அன்று பிள்ளைகளுக்காக ஒரு சூப்பர் ஹீரோ நாள் நடத்தத் திட்டமிட்டிருக்கிறோம். 1995-இல் மார்வெல் காமிக்ஸ் ஊழியர்கள் தொடங்கிவைத்த அந்த நாளை அமெரிக்காவில் வேடமணிந்து கொண்டாடுகிறார்கள். இங்கே முழுப்பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் காலம் என்பதால் எங்களுக்கும் தேதி தோதாக அமைந்துவிட்டது. ஸ்பைடர்மேனைத் தமிழில் பேசவிட்டுத் திரையில் பார்க்கும் இவர்களுக்குப் படக்கதைப் புத்தகத்தைக் கையில் எடுக்கும் பழக்கம் அநேகமாக இல்லை.

ஆகவே ஒருபுறம் பழைய தமிழ் காமிக்ஸ் இதழ்களைக் காட்சிக்கு வைத்து, மறுபுறம் நம் பகுதியின் நாயகர்கள் என்று பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன், நிலமற்றவர்களுக்கு நிலம் கிடைக்கப் போராடிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் ஆகியோரின் படங்களை மாட்டி, கஜா புயலில் பாடுபட்ட மின் ஊழியர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். இது பள்ளி ஆண்டு விழாவாகிவிடும், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள் என்கிறார் எங்கள் குழுவிலேயே ஒருவர். கற்பனை நாயகனையும் கம்பம் ஏறுகிற மனிதரையும் ஒட்டுப்போட்டது தெரியாமல் எப்படி இணைப்பது?

குடந்தை காமிக்ஸ் பிரியன்

இரும்புக்கை மாயாவியிலிருந்து தொடங்குங்கள். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது முதல் இதழின் நாயகன் அவன்தான். 1962-இல் பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றில் பிறந்த லூயிஸ் கிராண்டேலைத் தமிழ் வாசகர்கள் மாயாவி என்று தத்தெடுத்துக்கொண்டார்கள். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பிளக்கில் அவன் விரலை நுழைக்கும் அந்தக் கட்டத்தைப் பார்த்த பிறகு எந்தப் பிள்ளையும் கொட்டாவி விடாது. (அருகில் ஒரு பெரியவரை நிறுத்தி, வீட்டில் இதைச் செய்து பார்க்கக் கூடாது என்று சொல்லச் செய்யுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை.)

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். மாயாவி தொடக்கத்தில் குற்றச் செயல்களில் இறங்கியவன். உளவாளியாகி நல்வழிக்கு வந்தது பிறகுதான். நம்மவர்கள் கொண்டாடிய ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் அல்ல, இவன் வேறொரு பிரிட்டிஷ் படக்கதை நாயகன்) குற்றச் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று கிளம்பி வந்தவன்தான். வெள்ளை வெளேரென்ற நாயகர்களைவிட இவர்களைப் பற்றிப் பேசினால் பிள்ளைகளிடமிருந்து கேள்விகள் வரும்.

மன்னார்குடி மகள்

பொன்னாடை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு மேல் ஒன்றும் இல்லையென்றால் அவரை அழைக்கவே வேண்டாம். என் தந்தையார் கம்பம் ஏறியவர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. சம்பா வயல்களில் வண்டி இறங்க வழியில்லாத இடங்களில், பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள் உட்பட, ஆட்கள் வரிசையாக நின்று சிமெண்டுக் கம்பத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு சேற்றில் நடந்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் அவர்களைச் சூப்பர் ஹீரோ என்றார்கள். சூப்பர் ஹீரோவுக்குக் கையுறை எதற்கு என்று கேட்டுவிடலாம் அல்லவா. அந்தப் பட்டத்தின் மேல் எனக்குள்ள கோபம் அதுதான்.

அவர் வந்தால், எப்படி உயிரோடு வேலை செய்கிறார் என்பதைக் கேளுங்கள். லைனில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சை இறக்கி, மின்சாரம் இல்லை என்று சோதித்து, லைனை நிலத்தோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டிய பிறகுதான் லைனில் கை வைக்க வேண்டும். அப்படி அணைத்த லைனிலும் ஆபத்து உண்டு. தெருக்கோடியில் ஒருவர் வீட்டு இணைப்பைத் துண்டிக்காமல் ஜெனரேட்டரை ஓட்டினால், அந்த மின்சாரம் திரும்பி டிரான்ஸ்பார்மரில் ஏறி, உயர் அழுத்தமாகி, மேலே இருப்பவரைத் தாக்கும். புயலுக்குப் பிறகு மோட்டார் ஓட்டவும் செல்பேசிக்குச் சார்ஜ் ஏற்றவும் ஊர் ஊராக ஜெனரேட்டர் ஓடிய அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. மாயாவிக்கு வலிமை தருவது எதுவோ அதுவே என் தந்தையாரைக் கொல்லக்கூடியது. இதைச் சொன்னால் உங்கள் இரண்டு பாதிகளும் தாமே இணைந்துவிடும்.

தேதியும் பொருத்தமானதே. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2003 முதல் அதே ஏப்ரல் 28-ஐப் பணியிடப் பாதுகாப்புக்கும் உடல்நலத்துக்குமான உலக நாளாகக் கடைப்பிடித்து வருகிறது.

குடந்தை காமிக்ஸ் பிரியன்

அம்மா, உங்கள் பக்கம் சூப்பர்மேனே வந்து சாட்சி சொல்வான். 1938-இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் அறிமுகமான அவன், மூன்றாவது இதழில் மோதுவது வேற்றுக்கிரகத்து அரக்கனோடு அல்ல, ஒரு சுரங்க முதலாளியோடு. விபத்தில் தொழிலாளி ஒருவர் காயமுற்றதைக் கண்டு, அந்த முதலாளியையும் விருந்துக்கு வந்த சீமான்களையும் சுரங்கத்துக்குள்ளேயே சிக்கவைத்து, அங்குள்ள பாதுகாப்பின் இலட்சணத்தை அவர்களே அனுபவித்து உணரும்படி செய்கிறான். கண்ணிலிருந்து நெருப்புக் கக்குவதெல்லாம் பிற்பாடு வந்தவை. அவனை ஜோ ஷுஸ்டரோடு சேர்ந்து உருவாக்கிய ஜெர்ரி சீகல்தான், பல ஆண்டுகள் கழித்து ஸ்பைடரின் சாகசங்கள் பலவற்றையும் எழுதினார் என்பது நம் ஊர் வாசகர்களில் பலருக்கு வியப்பாக இருக்கும். அந்தச் சுரங்கக் கதையைப் பிள்ளைகளை விட்டே நடிக்கச் சொல்லுங்கள். முதலாளி வேடத்துக்குத்தான் போட்டி இருக்கும்.

திருவையாறு ரசிகை

படமும் காட்டுவதாக இருந்தால், 2021-இல் வெளிவந்த மலையாளப் படமான மின்னல் முரளியைப் பரிசீலியுங்கள். சிற்றூர்த் தையல்காரன் ஒருவனுக்கு மின்னல் தாக்கிச் சக்தி கிடைக்கிறது. அதே மின்னல் இன்னொருவனையும் தாக்குகிறது, அவன் வேறு திசையில் போய்விடுகிறான். வன்முறை சற்று உண்டு என்பதால் மிகச் சிறிய பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல.

முள்ளியாற்றங்கரை

அனைவருக்கும் நன்றி. பொன்னாடையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டோம். மின் ஊழியரைத் தம் இடுப்புப் பெல்ட், ரப்பர் கையுறை, எர்த் ராடு ஆகியவற்றோடு வரும்படி கேட்கப் போகிறோம். கையுறையைப் பிள்ளைகள் மாட்டிப் பார்க்கலாம். மாயாவியின் மேசையை அதற்கு அடுத்தே போடுகிறோம். மன்னார்குடிச் சகோதரி சொன்னதைப் படித்த பிறகு, எங்கள் ஊரில் பந்தலும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடும் அண்ணனையும் அழைத்திருக்கிறோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார். முத்து காமிக்ஸ் மறுபதிப்புகள் யாரிடமேனும் இருந்தால் இரவலாகத் தந்து உதவவும். பிள்ளைகள் தொட்டுப் புரட்டிப் படிக்கத்தான் கொடுப்போம் என்பதால், பக்கம் கசங்கினால் பொறுத்துக்கொள்ளக்கூடிய பிரதிகளாக அனுப்பினால் நல்லது.