ஓபன் ஆபீஸா, லிப்ரே ஆபீஸா, எது ஒரிஜினல்?

டிடிபிகடை:
கடை கம்ப்யூட்டர்ல லெட்டர் அடிக்க ரொம்ப வருஷமா ஓபன் ஆபீஸ்தான், வேர்ட் மாதிரி இலவச சாஃப்ட்வேர். புதுசா வந்த பையன் அதைத் தூக்கிட்டு லிப்ரே ஆபீஸ் போடுங்கக்கான்னு நச்சரிக்கறான். ரெண்டையும் திறந்து பாத்தா ஒரே ஜாடை. பேரைப் பாத்தா ஓபன் ஆபீஸ்தான் ஒரிஜினல், மத்தது காப்பின்னு தோணுது. யாராவது சொல்லுங்களேன்

முருங்கைமரம்:
அக்கா, ஆளுங்க ஒரு பக்கம் போய்ட்டாங்க, பேரு இன்னொரு பக்கம் மாட்டிக்கிச்சு, அவ்ளோதான். ஜெர்மனிக்காரங்க பண்ண ஸ்டார் ஆபீஸை 1999ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ங்கற கம்ப்யூட்டர் கம்பெனி வாங்கி 2000ல அதோட சோர்ஸ் கோட் (புரோகிராம் எழுத்து) எல்லாருக்கும் வெளிய விட்டப்ப வச்ச பேருதான் ஓபன் ஆபீஸ். 2010ல சன்னையே ஆரக்கிள்ங்கற கம்பெனி வாங்கிடுச்சு, இனி என்ன ஆகுமோன்னு அதே வருஷம் செப்டம்பர்ல அதை எழுதிட்டிருந்தவங்க நிறைய பேர் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்னு தனியா கிளம்பிட்டாங்க. சோர்ஸ் கோட் ஓப்பன் லைசென்ஸ், யார் வேணா எடுத்துட்டுப் போகலாம். பேரு ட்ரேட்மார்க், ஆரக்கிள் கையில. கேட்டும் குடுக்கல. சரி இப்போதைக்குன்னு லிப்ரே ஆபீஸ்னு வச்சாங்க, அதே நிலைச்சுப் போச்சு. முதல் வெர்ஷனே 3.3, 1.0 கிடையாது, ஓபன் ஆபீஸ் நம்பரையே தொடர்ந்து நாங்கதான் வாரிசுன்னு சொல்லாம சொல்றாங்க 😄 2011ல ஆரக்கிள் ஓபன் ஆபீஸ்ங்கற பேரை அப்பாச்சிங்கற ஓப்பன் சோர்ஸ் அமைப்புக்குக் குடுத்துச்சு. அங்க 4.1 வந்தது 2014ல, இன்னும் 4.1லயே ஒட்டுப் போட்டுட்டு இருக்காங்க

டேட்டாபேஸ்தம்பி:
மைஎஸ்க்யூஎல்ங்கற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரும் இதே கதைதான், சன் வழியா ஆரக்கிள்கிட்ட போச்சு. மை-ங்கறது அதை எழுதின மான்ட்டி வைடேனியஸோட மூத்த பொண்ணு பேரு. பேரு கைவிட்டுப் போனதும் இளைய பொண்ணு பேர்ல மரியாடிபி ஆரம்பிச்சுட்டாரு மனுஷன்

பழையடெபியன்:
ட்ரேட்மார்க்கை வில்லன் ஆக்காதீங்கப்பா. அது இல்லன்னா எவனாவது வைரஸ் சேத்து அதே பேர்ல விப்பான். ஆனா இறுக்கிப் பிடிச்சாலும் கஷ்டம்தான், லோகோ லைசென்ஸ், மாத்தம் பண்ண பர்மிஷன்னு ஃபயர்ஃபாக்ஸ் பண்ற மொசில்லாவோட தகராறாகி டெபியன்ங்கற லினக்ஸ்ல 2006லருந்து ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் ஐஸ்வீசல்ங்கற பேர்லதான் வந்துச்சு, 2016லதான் பழைய பேரு திரும்புச்சு

டிடிபிகடை:
அது சரி, எனக்கு வேலைக்கு எது?

முருங்கைமரம்:
லிப்ரே போடுங்க. ஓபன் ஆபீஸ் டாக்எக்ஸ் (.docx, இப்போதைய வேர்ட்) ஃபைலைத் திறக்கும், டாக்எக்ஸா சேவ் பண்ணாது

டிடிபிகடை:
அட, அதான் கஸ்டமருக்கு எப்பவும் பழைய டாக் ஃபைலாவே போகுதா! தமிழ் ஃபாண்ட்லாம் அப்படியே இருக்குமா?

முருங்கைமரம்:
ஃபாண்ட் விண்டோஸ்ல இருக்கறது அக்கா, அது எங்கயும் போகாது. ஓபன் ஆபீஸ்ல சேவ் பண்ண பழைய ஓடிடி (.odt) ஃபைலும் லிப்ரேல திறக்கும்